முத்தைக் காணோம்

போன வாரம் தூத்துக்குடிக் கடற்கரைப் பூங்காவில் ஒரு சின்னப் பெண் தன் கணவனைக் கூப்பிட்டாள் பாருங்கள்: "டேய் கார்த்தி, சோளத்துக்குக் காரம் கம்மியா!" கார்த்தியும் பவ்யமாகத் தலையை ஆட்டினான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து பெஞ்சுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சுட்ட சோளமும் உப்புக்காற்றும் கலந்த அந்த வாசனையில் நான் எழுபதுகளுக்கே போய்விட்டது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்போது பூங்கா என்றால் நாலு சிமெண்டு பெஞ்சு, ஒரு சறுக்கு, கம்பத்தில் நகராட்சி ரேடியோ. ரேடியோவில் பெரும்பாலும் கரகரப்புதான் வரும். அதையும் குடும்பத்தோடு உட்கார்ந்து ரசிப்போம். அந்தச் சறுக்கில் என் பாவாடை கிழிந்தது தனிக் கதை, அது இப்போது வேண்டாம்.

எங்கள் அத்தைக்குக் கல்யாணம் ஆன புதிது. ஆற்றங்கரை வயக்காட்டு ஊரிலிருந்து மாமாவோடு கடல் பார்க்க எங்கள் தூத்துக்குடி வீட்டுக்கு வந்திருந்தாள். புதுசுகளைத் தனியாக அனுப்ப மனம் வராமல், வீட்டில் என்னையும் கூட அனுப்பினார்கள். மாமா கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளை பெல்பாட்டம் போட்டிருந்தார். அது போகிற வழியெல்லாம் மணலைக் கூட்டியது. எங்களைப் பூங்காவில் உட்காரவைத்து, "மக்ரூன் வாங்கிட்டு இந்தா வந்திருதேன்" என்று போனவர் போனவர்தான்.

வெயில் இறங்கிவிட்டது. ஆளைக் காணோம்.

"என்னயப் பிடிக்காம விட்டுட்டுப் போயிட்டாவளோ, ஏளா?" என்று அத்தை என்னிடம் கேட்டாள். எட்டு வயதில் எனக்கு என்ன தெரியும்? நான் வாயில் போட்டால் கரையும் அந்த முந்திரி மக்ரூனை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் விசும்புவதைப் பார்த்துப் பூங்காக் காவல்காரர் வந்தார்.

"எதத் தொலச்ச தாயி? பேரச் சொன்னாத்தான தேட முடியும்?"

அங்கேதான் சிக்கல். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று பெண்கள் நம்பிய காலம். அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள்.

"சிப்பிக்குள்ள இருக்குமுல்லா அண்ணாச்சி..."

"முத்தா?"

அத்தை வேகமாகத் தலையாட்டினாள். மாமாவின் பெயர் முத்து.

"நல்ல முத்துதானா?"

"ரொம்ப நல்லது அண்ணாச்சி. எங்கப்பா பாத்துப் பாத்து முடிச்சது."

காவல்காரர் விசிலை ஊதினார். "முத்தக் காணலையாம்! யாரும் மிதிச்சிராதிய!"

முத்துக் குளித்த ஊர் அல்லவா? பூங்காவே மண்டியிட்டுவிட்டது. குழந்தைகள் தோண்டினார்கள். பஜ்ஜிக்காரர் ஓட்டைக் கரண்டியோடு ஓடிவந்து மணலை அரித்தார். அத்தைக்கோ உயிரே போய்விட்டது. "ஐயோ, மண்ணுக்குள்ளயா போயிட்டாவ!" என்று பெருங்குரலெடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா வந்தார். மக்ரூன் கடையைத் தேடி ஊர் பூராவையும் அந்தப் பேண்ட்டால் கூட்டிவிட்டு வந்திருக்கிறார். என்ன விஷயம் என்று யாரிடமோ கேட்டார். முத்தைக் காணோமாம் என்றார்கள். இளகின மனசு அவருக்கு. பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவரும் மண்டியிட்டுத் தன்னைத் தேட ஆரம்பித்தார்.

அத்தை கண்ணில் முதலில் பட்டது வெள்ளை பெல்பாட்டத்தின் பின்பக்கம். "ஏங்க!" என்றாள். கல்யாணமான அத்தனை ஆண்களும் நிமிர்ந்தார்கள், மாமாவைத் தவிர. கணவனாக இருந்து அவருக்கு இன்னும் பழக்கமாகவில்லை. அத்தை பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

"முத்து!"

"கெடச்சிருச்சா?" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

அத்தை ஓடிப்போய் மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "கெடச்சிருச்சு" என்றாள். காவல்காரர் மாமாவை மேலும் கீழும் பார்த்து, "இதுக்கா இந்தப் பாடு?" என்றார்.

மாமாவுக்கு அன்றைக்குப் பிடித்த கிறுக்கு விடவே இல்லை. வேண்டுமென்றே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். "ஒரே ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிடேன், ளா" என்று உள்ளேயிருந்து கெஞ்சுவார். அத்தை மசியவே இல்லை. பிள்ளை பிறந்ததும் "ராணி அப்பா" என்று ஒரு வழி கண்டுபிடித்துத் தப்பித்துக்கொண்டாள்.

அந்தச் சறுக்கு இப்போது இல்லை, ரேடியோக் கம்பமும் இல்லை. மாமாவும் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. பூங்காவிலிருந்து நேரே அத்தை வீட்டுக்குத்தான் போனேன், கார்த்தி கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாமென்று. அவள் மாமா படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். "முத்து, யாரு வந்திருக்கான்னு பாரு" என்றாள், வெகு சாதாரணமாக. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கதவுக்குப் பின்னால நிக்கும்போதே கூப்பிட்டிருக்கலாம், ளா."