முள்ளும் மூன்று வயரும்

வண்டி நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் ஒரு முள் மட்டும் கோணலாக நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள்.

எழுபதுகளில் நான் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். முதலில் கொழிஞ்சாம்பாறையில் ஒரு ரோட்டோர ஷெட்டில், பிறகு சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஒர்க்‌ஷாப்பில். அன்றைய கார்களில் டிரைவருக்குச் சேதி சொல்வது மூன்றே வயர்தான். என்ஜினின் தலையில் சூட்டை அளக்க ஒரு பித்தளைக் குமிழ், பக்கவாட்டில் ஆயில் அழுத்தத்தைப் பார்க்க ஒரு ஸ்விட்ச், பெட்ரோல் டாங்குக்குள் ஒரு மிதவை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் கிளம்பி டேஷ்போர்டுக்குப் போகும். புதிதில் அவை பச்சை, வெள்ளை, நீலம் என்று தனித்தனி நிறமாக இருக்கும். பத்து வருஷம் ஆயிலும் தூசியும் குடித்த பிறகு எல்லாம் ஒரே கருப்பு. எது எந்த வயர் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய வண்டி வைத்து அவதிப்பட்டவரா நீங்கள்? அப்படியானால் இதில் ஒன்றிரண்டாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

காணாமல் போன பெட்ரோல்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்புக்காரர் மகள் கல்யாணத்துக்காகத் தன் பழைய காருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார். கல்யாணம் முடிந்தது, பெண் புருஷன் வீட்டுக்குப் போனாள், வீட்டில் புதுத் தொல்லை ஆரம்பித்தது. டிரைவர் பழனிச்சாமி பெட்ரோல் பங்க்குக்குப் போய் டாங்கை நிரப்பிக்கொண்டு வருவார். முதலாளி எட்டிப் பார்த்தால் பெட்ரோல் முள் அடியில் படுத்திருக்கும். இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாம் தடவை, பதினோரு வருஷம் வண்டி ஓட்டிய மனுஷனைப் பார்த்து, "திங்கக்கெழமையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

பழனிச்சாமி சண்டை போடவில்லை. நேரே என் ஷெட்டுக்கு வந்து, "ஏனுங்க, ஒருக்கா வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க. நான் எடுத்தனா, முள்ளு எடுத்துச்சான்னு தெரிஞ்சா போதும்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆனால் கையில் இருந்த துண்டைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டே இருந்தார். போனேன். டிக்கியைத் திறந்து டாங்கின் மேல்மூடியைக் கழற்றினேன். டாங்கிலுள்ள மிதவையிலிருந்து வண்டி பாடிக்குப் போகும் சின்ன எர்த் வயரை, பெயின்ட் அடித்தவர்கள் புதுப் பெயின்டின் மேலேயே ஸ்குரூ வைத்து முடுக்கியிருந்தார்கள். பெயின்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? அந்த இடத்தை இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு மறுபடி முடுக்கினேன்.

சாவியைத் திருப்பியதும் முள் நிதானமாக எழுந்து முக்காலில் போய் நின்றது. முதலாளி அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "செரி, திங்கக்கெழம வந்துரு" என்றார். பழனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வர்றனுங்க மொதலாளி. ஆனா இனிமேப்பட்டு பெட்ரோல் போடப் போறப்ப நீங்களும் கூட வந்துருங்க."

மரியாதை

மலைக்கு வந்தபோது எனக்கு இரண்டு விஷயங்கள் பழக நாளாயின. ஒன்று குளிர். இன்னொன்று சவரிமுத்து. எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பின் ஃபிட்டர் அவர். திருநெல்வேலிப் பூர்வீகம், பிறந்தது எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். கையில் பிடிக்க முடியாத எதையும் நம்பமாட்டார். கரண்ட் அதில் முதலாவது.

முதல் வாரமே ஒரு ஜீப்பில் சூட்டு முள் வேலை செய்யவில்லை. எல்லா வயரும் ஒரே கட்டாகத் துணி டேப்பில் சுற்றியிருந்தன. நான் டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாக்கப் படுத்து ஒவ்வொன்றாக இழுப்பது, என்ஜின் பக்கம் எது அசைகிறது என்று சவரிமுத்து பார்த்துச் சொல்வது என்று ஏற்பாடு. நான் வேலை செய்யும்போது தனக்குத்தானே பேசுகிறவன். "நீங்க எங்கீங்க போறீங்க? செத்த வெளிய வாங்க பாக்கலாம்" என்று கொங்குத் தமிழில் முனகிக்கொண்டே இழுத்தேன். வெளியே வெகுநேரமாகச் சத்தமே இல்லை. நகர்ந்து வந்து பார்த்தால் சவரிமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். "வயருக்கெல்லாம் மரியாதை குடுத்துப் பேசுத ஆளை இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

எல்லாம் சிவப்பு

சித்திரபுரத்தில் மின்சார ஊழியர் குடியிருப்பில் ஞானமுத்து என்றொருவர். கம்பத்தில் ஏறி வேலை செய்து மேலே வந்தவர். அவரிடம் என்னைவிட இரண்டு வயதே இளைய ஒரு கார் இருந்தது. வயரெல்லாம் உளுத்துப்போனதால் தானே மாற்றிவிட்டார், வீட்டுச் சுவரில் ஓட்டுகிற வயரை வாங்கி. வாங்கிய வயர்ச் சுருள் மிச்சமாகக் கூடாதென்று முழுக் காருக்கும் ஒரே சிவப்பு. அதோடு விடவில்லை. காரில் பாடியே கரண்ட் திரும்பி வரும் பாதை என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயில் ஸ்விட்சுக்கு ஒன்று, சூட்டுக் குமிழுக்கு ஒன்று, விளக்குகளுக்கு ஒவ்வொன்று என்று எல்லாவற்றுக்கும், கரண்ட் திரும்பி வர, வீட்டில் போல ஒரு தனி நியூட்ரல் வயர் இழுத்திருந்தார். பானெட்டைத் திறந்தபோது சேமியா கிண்டி வைத்த சட்டி மாதிரி இருந்தது.

அவர் சம்சாரம் பூத்தையல் போடுகிறவர். அவரிடம் கலர் நூல் கேட்டு வாங்கி, டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு வயராகக் கண்டுபிடித்து, இரண்டு முனையிலும் ஒரே நிற நூலைக் கட்டிக்கொண்டே போனேன். காலையில் ஆரம்பித்தது, சாயங்காலம் பார்த்தால் பாதி வயர்கள் உபரி. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு என்ஜினை ஓட்டிக் காட்டினேன். எல்லா முள்ளும் எழுந்தன. ஞானமுத்து பானெட்டின் மேல் கையை வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல், என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "பாடியில கரண்ட் ஓடுதுன்னு மட்டும் என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிராதீங்க. அப்புறம் அவ இந்த வண்டியில ஏறமாட்டா, பாத்துக்கிடுங்க."

சூடே ஆகாத கார்

ஆனைக்கரையில் ஒரு ஏலத்தோட்டக்காரர். ஹாரன் அடிக்கவில்லை என்று என்னை வரவழைத்தார். ஹாரனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தன் கார் எவ்வளவு ஏற்றம் ஏறினாலும் சூடாகாது என்றும், முள் 'குளிர்ச்சி'யை விட்டு அசைந்ததே இல்லை என்றும், கம்பம் மலைச் சாலையில் மற்றவர்கள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கும்போது தான் கையசைத்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். எனக்குச் சந்தேகம். சூட்டுக் குமிழிலிருந்து வயரைத் தொட்டுக்கொண்டே போனேன். நாலு விரற்கடைக்கு அப்பால் எலி கடித்துத் துண்டாகிக் கிடந்தது. வயர் அறுந்தால் முள் எப்படி எழும்பும்?

நல்லது செய்கிற நினைப்பில் அதையும் இணைத்துக்கொடுத்தேன். பத்து நிமிஷம் ஓட்டியதும் முள் நடுவில் வந்து நின்றது. அது சரியான இடம்தான், எல்லா வண்டியிலும் அங்கேதான் நிற்கும் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. வாசல்வரை வந்து வழியனுப்பியபோது சொன்னார்: "நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி இந்த வண்டிக்கு இந்த வியாதி இல்ல."

சிவப்பு விளக்கு

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் மற்றவர்களின் அசட்டுத்தனங்களை மட்டும் சொன்னால் நியாயமில்லை.

மூணாறு பக்கம் எஸ்டேட் லயங்களில் ஊழியம் செய்த உபதேசியார் தேவசகாயத்துக்குச் சபையார் ஒரு பழைய கார் கொடுத்திருந்தார்கள். ஆயில் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அந்தக் காரில் ஆயில் ஸ்விட்சின் வயர் புகைக்குழாயில் உரசித் தோல் உரிந்து, பாடியைத் தொட்டுத் தொட்டு விளக்கைச் சும்மாவே எரியவைக்கும். இரண்டு தடவை நான்தான் டேப் சுற்றிக் கொடுத்தேன். மூன்றாம் தடவை, பஜார் டீக்கடையில் நான் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காரை நிறுத்தி, "தம்பி, லைட்டு மறுபடி எரியுது" என்றார். "அதே வயர்தானுங்க. ஞாயித்துக்கெழம கொண்டாங்க, இப்ப ஓட்டிட்டுப் போங்க" என்றேன். எழுந்திருக்கவில்லை. இலையில் பாதிப் பரோட்டா இருந்தது.

வயருக்கு ஒன்றும் ஆகவில்லை. பஜாருக்கு வரும் வழியிலேயே கல் அடித்து என்ஜினின் அடித்தொட்டி பிளந்து, போகப் போக ஆயில் முழுக்க ஒழுகியிருந்தது. தேவிகுளம் தாண்டி என்ஜின் இறுகி நின்றுவிட்டது. அவர் போய்க்கொண்டிருந்தது ஒரு அடக்கத்துக்கு. ஏழு கிலோமீட்டர் சாரலில் நடந்து போயிருக்கிறார். அதுவரை அந்தக் குடும்பம் பெட்டியை வைத்துக்கொண்டு மழையில் காத்திருந்தது. நானும் சவரிமுத்துவும் ஐந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த என்ஜினைப் பிரித்துச் சேர்த்தோம். கடைசி ஞாயிறன்று சாவியை நீட்டும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் என் தோளில் கைவைத்து மெதுவாகத்தான் சொன்னார்: "தப்பாச் சொன்னீங்கன்னு எனக்கு வருத்தமில்ல தம்பி. குனிஞ்சு பாக்காமச் சொன்னீங்களே, அதுதான்."

டிஸ்பென்சரி வேன்

ஒருநாள் மத்தியானம் எஸ்டேட் டிஸ்பென்சரி வேனில் மூணாறுக்குப் போகிறேன், ஒரு டைனமோவை மடியில் வைத்துக்கொண்டு. பின்னால் செல்லம் என்று கொழுந்து பறிக்கிற பெண், தலைப்பிரசவம், கூட அவள் மாமியார். வலி எடுத்து நாலு மணி நேரமாகியும் ஒன்றும் நகரவில்லை என்று டிஸ்பென்சரி நர்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார். பாறை வெட்டிய ஏற்றத்தில் பாதி ஏறியதும் சூட்டு முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. டிரைவர் அந்தோணி வேனை நிறுத்திவிட்டார். ஓட்டினால் என்ஜின் இறுகும், அப்புறம் இந்த மலையில் இவளை யார் தூக்குவது என்பது அவர் கவலை. ஆறட்டும், அரைமணி நேரம் நிற்போம் என்றார். பின்னால் மாமியார் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் டைனமோவைச் சீட்டில் வைத்தேன். இறங்கி வேனுக்குக் கீழே குனிந்து பார்த்தேன், ஒழுகல் எதுவுமில்லை. ரேடியேட்டரைத் தொட்டேன், கை வைக்க முடிந்தது. மேல் குழாயும் அப்படியே. பிறகு சூட்டுக் குமிழிலிருந்து வயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முள் எங்கே என்று கேட்டேன். இன்னும் சிவப்பில்தான் என்றார் அந்தோணி. குமிழைவிட்டு வயர் வந்தபிறகும் முள் இறங்கவில்லையென்றால், வயர் நடுவில் எங்கோ பாடியைத் தொடுகிறது, என்ஜின் சூடாகவில்லை. இதை நான் அவருக்கு விளக்குகிறேன். அவர் ஒப்பாமல் மறுபடி கேட்கிறார். நான் மறுபடி முதலிலிருந்து விளக்குகிறேன்.

கடைசியில் கிளம்பினோம். முள் வழிநெடுகச் சிவப்பிலேயே நின்றது, என்ஜின் பாட்டுக்கு ஓடியது. ஆஸ்பத்திரிக்குள் போன முக்கால் மணியில் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம் என்று மாமியார் வெளியே வந்து சொன்னபோது அந்தோணியும் நானும் படியில் உட்கார்ந்துவிட்டோம். எங்கள் இரண்டு பேரையும் கிளப்பியது என் விளக்கம் அல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நான் மூன்றாம் தடவையாக வயரைப் பற்றி ஆரம்பித்தபோது, பின் சீட்டிலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, செல்லம் சொன்னதுதான்: "அண்ணே, முள்ளு எங்க வேணா நிக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் நிக்காதீங்க."

இத்தனை வருஷத்தில் முள்ளைச் சரிசெய்ய எனக்கு அரைமணி நேரத்துக்கு மேல் அபூர்வமாகத்தான் ஆனது. அது இப்போது சரியாகத்தான் காட்டுகிறது என்று வண்டிக்காரரை நம்பவைக்கத்தான் பொழுது பூராவும் போனது.