ஆளுக்கு ஒரு எண்

ஜப்பானிய எண்களைச் சீக்கிரம் கற்க நான் கண்டுபிடித்த வழி இன்று காலை ஊற்றிக்கொண்டது. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் வரிசையாக நின்று, ஆளாளாக ஜப்பானிய மொழியில் எண்ணிக்கை சொல்ல வேண்டும் என்று, இப்போது நாட்டை ஆளும் ஜப்பான்காரர்களிடமிருந்து போன வாரம் உத்தரவு வந்தது. எங்கள் லாபு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவர்கள் இருபது பேர்.

"இருபதையும் யாரு மனப்பாடம் பண்றது? ஆளுக்கு ஒண்ணு போதும்லா. நிக்கிற எடத்த மட்டும் மாத்தாதீங்க" என்றேன்.

அரை மணி நேரத்தில் பாடம் முடிந்தது. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியே பாராட்டினார்.

இன்று ஒன்பதாம் ஆள் முனியம்மாவுக்குக் காய்ச்சல்.

எட்டாம் ஆள் "ஹாச்சி!" என்றார். அடுத்து நின்ற நான், எனக்குத் தெரிந்த ஒரே எண்ணான பத்தை, "ஜூ!" என்று முழங்கினேன். ஜப்பான் அதிகாரி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மறுபடியும் "ஜூ!" கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது.

எங்களை மேய்க்கும் மண்டோர், முனியம்மாவைக் கூட்டிவர லயத்து வீடுகளுக்கு ஓடினார். முனியம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்று, தன் முறைக்கு "கூ!" என்றாள்.

"நல்லா படிக்க வச்சீங்கண்ணே" என்று என்னிடம் முனகிவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதிகாரிக்கு முழுத் திருப்தி.

இப்போதும் சொல்கிறேன், வேகத்தில் இந்த வழியை மிஞ்ச முடியாது. யாருக்கும் உடம்புக்கு வரக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் தோட்டத்தில் எப்படிப் படிக்கிறீர்கள்?

மத்தியானத்திலிருந்து எனக்கு லேசான இருமல். எனக்கு அடுத்து நிற்கும் கோவிந்தன் இதுவரை மூன்று முறை சுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.