ஒரு மடைக்கு இரண்டு பூட்டு

மொழிபெயர்ப்பாளன் பிழைப்பு, அடுத்தவர் சாப்பிட நமக்கு விக்கல் எடுக்கிற பிழைப்பு. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் புண்ணியவான்களே, இதைக் கேளுங்கள். ஒரே ஆற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும் இரண்டு பக்கத்து நாடுகளிலிருந்து ஆளுக்கொரு இன்ஜினியர், கீரமங்கலம் பக்கத்தில் இரண்டு ஊர்கள் ஒரே குளத்துத் தண்ணீரை எப்படிப் பகிர்கின்றன என்று பார்க்க வந்தார்கள். நாட்டின் பெயர் எதற்கு வம்பு? மேலாற்றுக்காரர், கீழாற்றுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

பயணம்

இருவரும் ஒரே காரில் ஏற மாட்டேன் என்றுவிட்டார்கள். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வரை மேலாற்றுக்காரரோடு போனேன். அங்கே இறங்கி ஓடிப்போய், பின்னால் வந்த கீழாற்றுக்காரர் காரில் ஏறினேன். முன்னவர் கேட்டதையே இவரும் கேட்டார்: “அவர் என்ன சொன்னார்?” ஒன்றும் சொல்லவில்லை என்று இரண்டு இடத்திலும் சத்தியம் பண்ணினேன். இந்தக் கார் டிரைவருக்குத் தலை சுற்றிவிட்டது. “சார், ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான வாராங்க? இல்ல, நான்தான் தப்பான வண்டி பின்னாடி போறேனா?”

மடை

குளத்து மடைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மேலூரில், ஒன்று கீழூரில். இரண்டும் வந்தால்தான் தண்ணீர். விடியக்காலையிலேயே திறக்க வேண்டியதை, விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று யாரோ அதிகாரி நிறுத்திவைத்துவிட்டார். வாய்க்காலின் கடைசி வயலுக்குச் சொந்தக்காரியான ராசாத்தி வெயிலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார். அவர் நெல் பால் பிடிக்கிற பருவம், வயலோ வெடித்துக் கிடக்கிறது. இன்றைக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் அத்தனையும் பதர்.

கீழூர்ச் சாவி வந்தாயிற்று. மேலூர்ச் சாவி வைத்திருந்த சின்னையாவைக் காணோம். விருந்தாளிகளை வரவேற்கும் கூட்டத்துக்கான அழைப்பிதழில் கீரமங்கலம் கல்யாண மண்டபம் என்று போட்டிருந்ததாம், மனிதர் சாவியோடு அங்கே போய்விட்டார். “பூட்டை உடைத்தால் என்ன?” என்றார் மேலாற்றுக்காரர். அதைத் தமிழில் சொன்ன பாவத்துக்குக் கீழூர்ச் சாவிக்காரர் என் மேல் பாய்ந்தார். “எங்க பூட்டுன்னா ஒடைப்போம், மாட்டுவோம். அவுக பூட்டுல எங்க கை படாது. வாயக் கழுவுங்க சார்!”

மண்டபம்

ராசாத்தி யாரையும் கேட்காமல் கீழாற்றுக்காரர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நானும் கீழாற்றுக்காரரும் ஏறினோம். மண்டபத்தில் சின்னையா சலவை வேட்டியும் இடுப்பில் சாவியுமாக முதல் வரிசையில் இருந்தார். “சீக்கிரம் ஒக்காருங்க. விருந்தாளிக வந்ததும் நான் மடையத் தொறக்க ஓடணும்” என்று எங்களிடமே சொன்னார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “அந்த விருந்தாளிதாண்ணே இவரு! எந்திரிங்க, என் பயிரு சாவுது!” என்று ராசாத்தி அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

மத்தியானம் இரண்டு பூட்டும் திறந்தன. சாயங்காலம் ராசாத்தி வயலில் தண்ணீர் ஏறியது. எல்லாரும் வரப்பில் நின்றோம். சின்னையா வர முடியாதென்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ராசாத்தியிடம் கேட்கச் சொன்னார் கீழாற்றுக்காரர். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற மேலாற்றுக்காரரைக் காட்டித் திருப்பிக் கேட்டார். “வராட்டி என்ன, சின்னையாண்ணன் வாசல்ல போயி ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். ஏன், இவரு வீடு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?”

அதை வார்த்தை மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைக்கு அந்த இரண்டு நாட்டுக்காரர்களும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் என்னை முறைத்ததுதான்.