ஆப்ரிகாட் தோப்பில் விழுந்த விமானம்

ஒரு ஆளைக் கொன்றுவிட்டோம் என்ற நினைப்போடு க்வெதா நின்ற நேரம் அதிகமில்லை. ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுக்கிற நேரம்தான். ஆனால் அந்தத் தோப்புக்குள் போன தங்கை வேறு, திரும்பி வந்தவள் வேறு என்று அவள் அக்கா ஓதிலியே இன்றைக்கும் சொல்வாள்.

க்வெதா, செக் நாட்டின் கியோவ் என்ற சிறு நகரத்திலிருந்து சுற்றுப்பட்டு ஊர்களுக்கு ஓடும் பஸ்ஸின் டிரைவர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் விவாகரத்து வாங்கிக்கொண்டு ப்ர்னோ நகரத்துக்குப் போய்விட்ட பிறகு, விதவையான அக்காவோடு ஒரே வீட்டில் குடியிருந்தாள். அதட்டலும் சிரிப்பும் கலந்த குரல். டிக்கெட் எடுக்காமல் ஏறும் குடிகாரனை ஒரு பார்வையிலேயே இறக்கிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குப் பஸ்ஸை ஷெட்டில் விட்டதும் கை துறுதுறுக்கும். வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றிய கையோடு, பொம்மை விமானம் செய்ய உதவும் லேசான பால்சா மரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

பள்ளிக்கூட நாளில் கிளைடர் செய்யும் குழுவில் இருந்தவள்தான். நடுவில் எல்லாம் விட்டுப்போயிருந்தது. ஒரு குளிர்காலத்தில், மாடல் விமானப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டு, இரட்டை அடுக்கு இறக்கை வைத்த விமானத்தின் முழு அளவு வரைபடத்தை வரவழைத்தாள். ஒற்றை இறக்கையில் தொடங்கியிருக்கலாம். அவள் சேர்ந்திருந்த மாடல் விமானச் சங்கத்தின் தலைவர் ஹினெக்கும் அதைத்தான் சொன்னார். "முதல்ல ஒரு இறக்கையைக் கோணாம ஒட்டக் கத்துக்கோம்மா. அப்புறம் ரெண்டைப் பத்திப் பேசலாம்." சொன்னது ஆண்பிள்ளை என்பதாலேயே க்வெதா ரெண்டாகச் செய்தாள்.

சமையலறை மேசைதான் பட்டறை. வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, கோட்டின் மேலேயே குண்டூசி குத்தி இறக்கையின் விலா எலும்பு போன்ற சட்டங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். பால்சா பிஸ்கட் மாதிரி. விரல் கொஞ்சம் அழுத்தினால் நொறுங்கிவிடும். உப்புத்தாளால் தேய்த்த தூள் வீடு முழுக்கப் பறந்தது. ஓதிலியே கினெட்லிக் என்ற கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து வைத்தால் அதிலும் படிந்தது.

"ஏண்டி, இன்னிக்கு கினெட்லிக்ல எவ்வளவு மரம் கலந்திருக்கே?"

"நல்லா உப்பி வந்திருக்கே அக்கா, அதான் லேசா இருக்கு."

"அந்தாளு ஓடிப்போனது தப்பே இல்லடி. நானும் ஓடிப்போயிருப்பேன், போக்கிடம் இல்ல."

வாய் அப்படிச் சொன்னாலும், இறக்கைக்குத் துணி போர்த்தும்போது சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்தது ஓதிலியேதான். மஞ்சள் நிறம் வேண்டும் என்று அடம்பிடித்ததும் அவள்தான். மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் குச்சிகளால் இணைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, மூக்கில் குட்டிப் பெட்ரோல் இன்ஜினைப் பூட்டி நிறுத்தியபோது அக்காவும் தங்கையும் நின்று பார்த்தார்கள். பிறகு ஓதிலியே ஆளுக்கொரு குவளை பிளம் சாராயம் ஊற்றினாள்.

முதல் பறப்புக்கு ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். சங்கத்தின் புல்வெளிக்கு அடுத்தாற்போலவே சிரில் மஸாச்சின் ஆப்ரிகாட் தோப்பு. எழுபதை எட்டிய தனிக்கட்டை. சங்கத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இன்ஜின் சத்தத்தில் பழம் உதிர்கிறது, தேனீ ஓடிப்போகிறது என்று ஊராட்சியில் மாற்றி மாற்றி மனு கொடுப்பார். ஒருமுறை வைக்கோல் வாரும் கவையைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். விமானத்தை முடுக்கினால் போதும், மரங்களுக்கு நடுவிலிருந்து அவர் வசவு வரும். சங்கத்தாருக்கு அது பழகிப்போன வேடிக்கை.

அன்றைக்கும் வந்தது. காலையில் ஹினெக் தன் விமானத்தை இறக்கி இன்ஜினை நிறுத்திய நேரம், தோப்புக்குள்ளிருந்து ஒரு கத்தல். வார்த்தை புரியவில்லை.

தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ரதோமில்தான் சங்கத்தின் கோமாளி. கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டான். "மஸாச் ஐயா! இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க, இங்க சரியாக் கேக்கல!"

கத்தல் பலமாயிற்று. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். க்வெதாவும் சிரித்தாள். "மூச்சு முட்டிச் சாகப்போறார் ஒருநாள்" என்று அவள்தான் சொன்னாள். ரதோமில் தன் இன்ஜினை முடுக்கினான். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வெயில் ஏறி, காற்று அடங்கியபின் க்வெதாவின் முறை வந்தது. மஞ்சள் விமானம் புல்லில் கொஞ்ச தூரம் ஓடி, தத்தித் தத்தி, சட்டென்று மேலே எழுந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு வட்டம் அடித்துத் திருப்பினாள். சொன்ன பேச்சைக் கேட்டது. இன்னொரு வட்டத்துக்காக இடப்பக்கம் சாய்த்தாள். சாயவில்லை.

"திருப்பு, திருப்பு" என்றார் ஹினெக்.

"திருப்புறேன், கேக்கமாட்டேங்குது!"

ரிமோட்டில் எந்தக் குச்சியை அசைத்தாலும் விமானம் ஏனென்று கேட்கவில்லை. இன்ஜின் அதிர்வில் உள்ளே பேட்டரியின் வயர் கழன்றிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அது பாட்டுக்கு முழு வேகத்தில் நேராகப் போய், மெல்லத் தலையைத் தாழ்த்தி, ஆப்ரிகாட் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. ஒரு முறியும் சத்தம். இன்ஜின் நின்றது.

"போச்சு. மஸாச் அதை அடுப்புல போட்டுச் சாம்பலாத்தான் திருப்பிக் குடுப்பார்" என்றான் ரதோமில்.

"நானே போறேன். பொம்பளையக் கண்டா கவையைக் கீழ வைப்பாரு" என்று க்வெதா வேலிக்குள் நுழைந்தாள்.

மேல் இறக்கை ஒரு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. உடல் பாகம் கொஞ்சம் தள்ளி, மூக்கைப் புல்லில் குத்திக்கொண்டு நின்றது. பெட்ரோல் வாடை. உதிர்ந்த பழங்களில் குளவிகள் மொய்த்தன. குனிந்து விமானத்தின் வாலைப் பிடித்தவள், அதற்கு அப்பால் புல்லில் ஒரு செருப்பைப் பார்த்தாள். செருப்புக்குள் கால் இருந்தது.

சிரில் மஸாச் ஒருக்களித்துக் கிடந்தார். நெற்றியில் ரத்தம். கண் மூடியிருந்தது. சட்டையின் மேல் மஞ்சள் துணி ஒட்டிய பால்சாத் துண்டு ஒன்று கிடந்தது.

க்வெதாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. பனியில் பஸ் வழுக்கியபோதும், ஒருமுறை மான் குறுக்கே பாய்ந்தபோதும் உதறாத கை இப்போது வெடவெடத்தது. நான் செய்தது, என் கையால் ஒட்டியது, நான் ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேன்: இது மட்டும்தான் மண்டைக்குள் சுற்றியது. அவருடைய சட்டையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று தெரியாது. எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

அப்போது பிணம் பேசியது.

"தண்ணி."

"ஐயா! ஐயோ, ஐயா... நான்தான்... என் விமானம்தான்... தெரியாம..."

மஸாச் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "உன் விமானமா? அது இப்பத்தானே வந்து விழுந்துச்சு. நான் விடிஞ்சதுல இருந்து இங்கதான் கிடக்கேன்."

அவர் கண் போன திசையில் பார்த்தாள். மரத்தடியில் ஏணி சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் கவிழ்ந்த கூடை. நெற்றியில் இருந்தது காய்ந்து கறுத்த ரத்தம். ஒரு கால் இருக்கக் கூடாத விதமாகத் திரும்பியிருந்தது.

அவள் கொல்லவில்லை. அந்த நினைப்பு உடம்பெல்லாம் பரவி, நெஞ்சு லேசாகி, கடவுளே என்று மூச்சு விடுவதற்குள் அவர் மறுபடி பேசினார்.

"கத்தினேன். யாரோ பதில் குடுத்தாங்க. அப்பாடா, கேட்டிருச்சுன்னு நினைச்சேன். இன்னும் சத்தமாங்கிறான். சரி, எங்க கிடக்கேன்னு தெரியாமத்தான் கேக்கிறான்னு இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டிக் கத்தினேன்." உதட்டை நக்கிக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. "சிரிச்சீங்க. அப்புறம் மிஷினை முடுக்கிட்டீங்க."

க்வெதா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன் வந்த அதிர்ச்சி ஒன்றுமே இல்லை என்றாயிற்று. அது விபத்து. இதற்கு என்ன பெயர் வைப்பது? அவள் சிரித்திருந்தாள். சாகப்போகிறார் என்று வேறு சொல்லியிருந்தாள்.

பிறகு அவள் போட்ட சத்தத்தில் சங்கத்து ஆட்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஹினெக் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். க்வெதா கைக்குட்டையை நனைத்து மஸாச்சின் உதட்டில் பிழிந்தாள். ரதோமில் ஏணியையும் கூடையையும் பார்த்தான், அவளைப் பார்த்தான், முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "க்வெதா, காலையில... அது..." என்றான். "ஆமா" என்றாள். அவன் போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

இடுப்பெலும்பு முறிவு. இன்னும் கொஞ்ச நேரம் அந்த வெயிலில் கிடந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். ஊரில் அது வேறு கதையாகிவிட்டது. ஊராட்சி ஒலிபெருக்கியில் க்வெதாவின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்கள். பஸ்ஸில் ஏறும் கிழவிகள் கசகசா பன் கொண்டுவந்து கொடுத்தார்கள். "அந்தப் பொம்மைதான் கடவுள் அனுப்பின தூதுவன்" என்றாள் ஒருத்தி. க்வெதா பன்னை வாங்கி டாஷ்போர்டில் வைத்தாள். தின்னவில்லை. சாயங்காலம் ஷெட்டில் இறங்கும்போது பன்கள் அப்படியே இருந்தன.

"எதுக்குடி முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கே? உசுரைக் காப்பாத்தியிருக்கே" என்றாள் ஓதிலியே.

க்வெதா நடந்ததைச் சொன்னாள். ஓதிலியே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போய்ப் பாரு அவரை" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மஸாச் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். க்வெதா நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். "ஐயா, காலையில நீங்க கத்தினது எங்களுக்குக் கேட்டுச்சு. எப்பவும் மாதிரி திட்டுறீங்கன்னு நினைச்சோம். நானும் சிரிச்சேன். அதைச் சொல்லாம உங்க முகத்துல முழிக்க முடியாது."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கேட்டுச்சு? வார்த்தை புரிஞ்சுதா?"

"இல்ல. கோபமா இருக்கீங்கன்னு மட்டும் தோணுச்சு."

"கோபமாத்தான் இருந்தேன். பாதி நேரம் உங்களைத்தான் திட்டினேன். மனுஷன் சாகக் கிடக்கேன், கொசு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கானுங்கன்னு." சிரிக்கிறாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. "யாரு அது, சத்தமாக் கத்தச் சொன்னது?"

க்வெதா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"சொல்லவேணாம். குரல் தெரியும். தபால்காரப் பய." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "போ. பழமெல்லாம் அங்க அழுகிக்கிட்டுக் கிடக்கும். யாராவது பறிச்சா நல்லது. கிளையை ஒடிச்சீங்கன்னா எந்திரிச்சு வந்து உதைப்பேன்."

அந்த வாரம் முழுக்கச் சங்கத்தார் தோப்பில் ஆப்ரிகாட் பறித்தார்கள். ரதோமில் லீவு போட்டுவிட்டு வந்தான். முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனான். ஒரு பகிடிகூடப் பேசவில்லை. பிறகு அவன் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று தெரியும். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை இருவருமே யாரிடமும் சொல்லவில்லை.

மஸாச் ஊன்றுகோலோடு வீடு திரும்பினார். நன்றி கின்றி என்று எதுவும் சொல்லவில்லை. இலையுதிர்காலத்திலேயே சத்தத்தைப் பற்றி இன்னொரு மனு கொடுத்தார். இந்த முறை சங்கத்தில் யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்கிருந்து எந்தக் குரல் கேட்டாலும் எல்லா இன்ஜினையும் நிறுத்திவிட்டு ஒருவர் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று ஹினெக் விதி போட்டார். மஸாச் வேண்டுமென்றே கத்தி அவர்களை நடக்கவிட்டதும் உண்டு.

க்வெதா குளிர்காலத்தில் மறுபடி வரைபடத்தை விரித்தாள். ஒட்டக்கூடியதை ஒட்டினாள். மேல் இறக்கையை முதலிலிருந்து செய்தாள். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாத மின்மோட்டாரைப் பொருத்தினாள். பேட்டரி வயரை நூலால் கட்டி, மேலே நாடாவும் சுற்றினாள். ஓதிலியே இந்தத் தடவை சிவப்புத் துணி வாங்கிவந்தாள்.

"மஞ்சள் வேணாண்டி" என்றாள். ஏன் என்று க்வெதா கேட்கவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் அதைப் புல்வெளிக்குக் கொண்டுபோனாள். எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகு, ரிமோட்டை எடுத்து ரதோமிலிடம் நீட்டினாள்.

"நானா? உன் விமானத்துக்கு நானா?"

"என் கை நடுங்குது. நீ ஏத்து."

சிவப்பு விமானம் ஓசையில்லாமல் எழுந்தது. வட்டம் அடித்தது, சாய்ந்தது, சொன்ன இடத்தில் திரும்பியது. ரதோமில் அதைத் தாழப் பறக்கவிட்டு, உயர ஏற்றி, பூப்போலப் புல்லில் இறக்கினான். சங்கத்தார் கைதட்டினார்கள். ஹினெக் அவள் தோளைத் தட்டினார்.

"எப்படிப் பறந்துச்சு பாத்தியாம்மா! ஏன், நீ எங்க பாத்துக்கிட்டு இருக்கே?"

க்வெதா தோப்பைப் பார்த்து நின்றிருந்தாள். வெள்ளைச் சட்டை ஒன்று ஊன்றுகோலோடு மரங்களுக்கிடையில் நகர்ந்துகொண்டிருந்தது. விமானம் தரையை விட்டு எழுந்ததிலிருந்து இறங்கும்வரை அவள் கண் அங்கேதான் இருந்தது. தான் செய்த விமானத்தின் முதல் முழுப் பறப்பை அவள் பார்க்கவேயில்லை.

"நல்லாப் பறந்துச்சா?" என்று அவள் ரதோமிலிடம் கேட்டாள்.