முப்பது பவுண்டு காற்று

புது டயருக்கு ஒரு மணம் உண்டு. மண்ணெண்ணெயும் கருப்பட்டிப் பாகும் ஒன்றாய்க் காய்ந்ததுபோல் தொண்டைக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும் மணம் அது. எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அந்த மணத்துக்காகவே செல்லூரில் இருந்த தங்கையா மாமாவின் டயர் கடைக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போவேன். தறிச் சத்தத்துக்கு நடுவே, ஒடுங்கிய சந்தில் இருந்தது கடை. மாமா எங்களுக்குச் சொந்தமில்லை, அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர், அவ்வளவுதான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் முதல் தட்டு அவருக்கு, பொங்கலுக்கு அவர் வீட்டில் முதல் இலை எங்களுக்கு என்று இருந்ததால், அவர் சொந்தமில்லை என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது.

அப்பா ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். 'சாமுவேல் வாத்தியாரு' என்றால் எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். பச்சை நிற மோட்டார் சைக்கிளை வைத்துத்தான் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த வண்டியின் பின் டயர் தேய்ந்து 'மொட்டை' ஆகிவிட்டதால் புது டயர் போட வேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒரு வருஷம் நடந்தது. பெண் பார்ப்பதைப்போல அப்பா டயர் பார்த்தார். முன் சக்கரத்துக்குச் சுற்றிலும் நேர்கோடு ஓடும் டயர் வேண்டும், அதுதான் திரும்பும்போது சொன்ன பேச்சுக் கேட்கும். பின் சக்கரத்துக்குக் கட்டை கட்டையாக வெட்டு இருக்க வேண்டும், அதுதான் இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மண்ணைக் கவ்வும் என்பார். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் விரலால் தடவிக்கொண்டே வாசிப்பார். 'அகலம் கூடுன டயரப் போட்டா கெத்தா இருக்கும்னு போடுறான் பாரு, வண்டி செஞ்சவன் முட்டாளா?' என்பது அவர் அடிக்கடி சொல்வது.

காற்று விஷயத்தில் அதைவிடக் கண்டிப்பு. பேனாவைப்போல நீளமாக, அழுத்தினால் அடியிலிருந்து எண் போட்ட குச்சி வெளியே வரும் 'கேஜ்' ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார். முன்னால் பதினெட்டு பவுண்டு, பின்னால் இருபத்தெட்டு. அம்மாவும் நானும் ஏறுகிற நாளில் பின்னால் முப்பது. வண்டி ஓடிச் சூடான பிறகு பார்த்தால் கேஜ் பொய் சொல்லும், அதனால் காலையில் வண்டியை எடுக்கும் முன்பே பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடு தேயும். இதெல்லாம் எனக்கு வேத வசனம் மாதிரி மனப்பாடம். சனிக்கிழமை காலையில் கேஜைப் பிடித்துப் பார்த்துச் சொல்வதும், குறைந்தால் கால் பம்பில் ஏறி மிதிப்பதும் என் வேலை. வகுப்பில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அந்த வேலை கிடையாது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

அந்தக் காலத்தில் நினைத்த உடனே டயர் கிடைக்காது. கடையில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்து, பங்குனி வெயிலில் ஒருநாள், 'வாத்தியாரே, ஒங்க டயர் வந்துருச்சு' என்று மாமாவே சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் போனோம். பழுப்புக் காகித நாடா சுற்றிய டயரின் மேல் சாக்பீஸில் அப்பாவின் பெயர் எழுதியிருந்தது. காகிதத்தைக் கொஞ்சம் கிழித்துப் பார்த்தேன். ரப்பரில் மெல்லிய முடிகள் குத்திட்டு நின்றன. அச்சிலிருந்து வரும்போது எல்லாப் புது டயருக்கும் அப்படி முடி இருக்கும், ஓட ஓட உதிர்ந்துவிடும் என்றார் மாமா. சனிக்கிழமை வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

சனிக்கிழமை அப்பா என்னைக் கூட்டிப் போகவில்லை. மத்தியானம் திரும்பி வந்த வண்டியின் பின் சக்கரத்தில் கன்னங்கரேலென்று டயர் பளபளத்தது. ஓடிப் போய்த் தடவினேன். முடி ஒன்றுகூட இல்லை. விரலில் கறுப்பு ஒட்டியது. மணமும் வேறாக இருந்தது. ஏதோ தீய்ந்துபோய், அதன்மேல் பெயின்ட் அடித்ததைப்போல.

"முடியெல்லாம் எங்கப்பா?"

"தங்கையா மாமா கத்தரிச்சு விட்டுட்டாரு. போ, கையக் கழுவு."

கழுவினேன். அப்பா சொன்னால் அதற்குமேல் யோசிக்கிற பழக்கம் எனக்கில்லை.

அடுத்த மாதம், டி. கல்லுப்பட்டியில் இருந்த சித்தியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அம்மாதான் ஆர்மோனியம் வாசிக்க வேண்டும் என்று சித்தி கடிதம் போட்டிருந்தாள். அம்மா எங்கள் கோயிலில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவள். வாசிக்கும்போது மட்டும் அவள் முகம் எங்கள் வீட்டு முகமாக இருக்காது, யாரோ பெரிய இடத்துப் பெண் மாதிரி மாறிவிடும். அன்று காலையில் அப்பா உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் பின் சக்கரத்தின் முன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன்.

"எம்புட்டு இருக்கு எஸ்தரு?" என்று உள்ளிருந்தே கேட்டார்.

"இருபத்தாறுப்பா."

"முப்பது வைய்யி. மூணு பேரு போறோம்ல."

மிதித்தேன். மூச்சு வாங்க மிதித்து, கேஜை வைத்துப் பார்த்து, "முப்பது" என்று சொன்னேன். முப்பதுதான் இருந்தது. அதை இன்றைக்கும் எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்.

திருமங்கலம் தாண்டியதும், இரண்டு பக்கமும் பருத்திக்காடு காய்ந்து கிடந்த இடத்தில், எனக்குக் கீழே வேட்டுப் போட்டதுபோல் ஒரு சத்தம். வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. நான் ரோட்டோரப் புழுதியில் உருண்டு, முழங்கை சிராய்ப்போடு எழுந்துவிட்டேன். அப்பாவுக்கு நெற்றியில் காயம். அம்மா விழும்போது வலக்கையை ஊன்றியிருக்கிறாள். அவள் கத்தவில்லை. தன் கையை யாருடையதோ பொருளைப்போல மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வழியாக வந்த பருத்தி லாரி ஒன்றில் ஏற்றி மதுரைக்குக் கொண்டு வந்தோம்.

மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. இரண்டு நாள் கழித்துத் தங்கையா மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். வண்டியையும் வெடித்த டயரையும் திருமங்கலத்தில் போய் எடுத்து வந்தவரும் அவர்தான். கட்டிலைச் சுற்றி சித்தி, அப்பா, கோயில் ஆட்கள் இரண்டு பேர். எல்லாரும் அவரைத்தான் கேட்டார்கள், அவருக்குத்தானே டயர் தெரியும்.

"காத்து கூடிப் போச்சு," என்றார் மாமா. "வெயிலுக்கு உள்ள இருக்க காத்து விரியும்ல, அதான் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. சின்னப்புள்ளைய நம்பி காத்தடிக்கச் சொன்னா இப்பிடித்தேன் வாத்தியாரே."

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். என் எண்ணை என்னிடம் கேட்டு வாங்கியவர் அவர்தான். 'முப்பது' என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டே அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு பவுண்டு, நான்கு பவுண்டு கூடிவிட்டால் நல்ல டயர் வெடித்துவிடாது. இது எனக்குப் பதினொரு வயதில் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேரும் அந்த அறையில் இருந்தார்கள்.

கட்டுப் பிரித்தபோது அம்மாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஆர்மோனியப் பெட்டியைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம், விடிந்ததும் அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவது, ஜாக்கெட் கொக்கி மாட்டுவது, காய் நறுக்குவது, தேங்காய் திருவுவது எல்லாம் நான். யாரும் செய்யச் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகவில்லை. ராத்திரி ஜெபத்தில் வாய்க்குள்ளேயே, 'நான் சரியாப் பாக்கல, என்னை மன்னியும்' என்று சேர்த்துக்கொள்வேன். நான் பார்த்தது முப்பதுதான் என்று மனசு சொன்னாலும், மாமா சொன்னதும் அப்பா வாய் திறக்காததும் சேர்ந்து அந்த எண்ணையே அழித்துவிட்டன. ஒருவேளை முப்பத்தெட்டோ என்று நானே நம்பத் தொடங்கினேன். கேஜை அப்பா எடுத்து எங்கோ வைத்துவிட்டார். இதற்கிடையில் அவர் தலைமையாசிரியராகவும் ஆனார்.

பதினேழு வயதில், கல்லூரிக்குப் போக ஆரம்பித்திருந்தபோது, என் சைக்கிளுக்கு ட்யூப் வாங்கச் செல்லூருக்குப் போனேன். மாமா கடையில் இல்லை. பின்கட்டில் ஆள் இருப்பது தெரிந்து உள்ளே போனேன். முனியாண்டி அண்ணன், மாமாவிடம் இருபது வருஷமாக வேலை பார்ப்பவர், மொட்டை டயர் ஒன்றைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய வளைந்த கத்தியால் அதில் கட்டை கட்டையாகப் புதுசாக வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெட்டி முடித்த டயர் ஒன்று கறுப்பு பெயின்ட் காய நின்றது. தீய்ந்த ரப்பரும் பெயின்டும் கலந்த மணம். பதினொரு வயதில் எங்கள் பின் சக்கரத்தில் முகர்ந்த அதே மணம்.

"இது என்னண்ணே?"

"பழைய டயருக்குக் கோடு வெட்டுறது பாப்பா. புதுசு கெடைக்காதவுகளுக்கு ஒரு வருஷம் ஓடும். ரொம்ப வெட்டிட்டா உள்ள நூலு தெரிஞ்சிரும், பாத்து வெட்டணும்." கத்தியை மறுபடி அடுப்பில் சொருகினார். "ஒங்க வண்டிக்கும் நாந்தேன வெட்டுனேன். வாத்தியாரு இந்தா, இந்த எடத்துலதேன் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு."

"எங்களுக்குப் புது டயர் வந்துச்சே."

"அது ஒங்கப்பா ஸ்கூலு தாளாளர் மகனுக்குல்ல போச்சு. வாத்தியாருதேன் குடுத்துருங்கன்னாரு." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

ட்யூப் வாங்காமல் திரும்பினேன். அப்பா முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டேன். அவர் மறுக்கவில்லை, அதை அவர் பக்கம் எழுதியாக வேண்டும். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"தலைமையாசிரியர் எடம் காலியாச்சு. எனக்குப் பின்னால வந்தவன் ரெண்டு பேரு தாளாளர் வீட்டு வாசல்லயே கெடந்தான். அவரு பையன் டயரு கேட்டப்ப இல்லன்னு சொல்ல முடியல," என்றார். "வெடிக்கும்னு நெனக்கலம்மா. ஒரு வருஷம் ஓட்டிட்டு மாத்திரலாம்னு இருந்தேன்."

"நான் காத்து அதிகமா வெச்சேன்னு மாமா சொன்னப்ப?"

விடைத்தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு, "நீ அழுகல. அதனால ஒனக்கு அது பெரிசாத் தெரியலன்னு நெனச்சேன்," என்றார்.

அடுக்களைக்குப் போனேன். அம்மா இடக்கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அப்பா செய்த துரோகத்தை அவளிடம் சொல்லப் போகிறேன், அவள் உடைந்துபோவாள், நான் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். தண்ணீரை வடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும்."

"எப்பருந்து?"

"நான் ஆஸ்பத்திரிய விட்டு வந்த மாசமே ஒங்கப்பா சொல்லி அழுதாரு. வெளிய தெரிஞ்சா அவருக்கும் அசிங்கம், வேலைக்கும் கேடு. நீ சின்னப்புள்ள, மறந்துருவன்னு நெனச்சோம்."

நினைத்தோம் என்றாள். கைக்கு நேர்ந்ததற்காக நான் மனசுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்த அத்தனை காலையிலும், என் விரல்கள் அவள் முதுகில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தாள். தங்கையா மாமா பொய் சொன்னது கடையைக் காப்பாற்ற. அப்பா மௌனமாக இருந்தது பதவியைக் காப்பாற்ற. அம்மா எதைக் காப்பாற்றினாள் என்று எனக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. குடும்பத்தை என்று சொல்வார்கள். அந்தக் குடும்பத்தில் நான் இருந்தேனா என்பதுதான் என் கேள்வி.

இப்போது திருமங்கலம் சாலையில் பருத்திக்காடு இல்லை. நான்கு வழிச் சாலையில் வண்டிகள் பறக்கின்றன. டயர் கேட்டுப் பெயர் பதிந்து யாரும் காத்திருப்பதில்லை, பெட்ரோல் பங்கில் இயந்திரமே எண்ணைக் காட்டிக் காற்றை நிறுத்திக்கொள்கிறது. செல்லூர்ச் சந்தில் மாமாவின் கடை இருந்த இடத்தில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். மாமா இறந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அப்பா போய் ஒன்பது வருஷம். அடக்கத்தின்போது பள்ளியிலிருந்து வந்தவர்கள் அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். முனியாண்டி அண்ணன் எங்கே போனார் என்று தெரியவில்லை. உண்மை தெரிந்தவர்கள் என்று இனி அம்மாவும் நானும்தான்.

போன கிறிஸ்துமஸுக்குச் சித்தி டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்திருந்தாள். சாப்பிடும்போது, பக்கத்தில் இருந்த என் பேரனிடம் பழைய கதை சொன்னாள். "ஒங்க அப்பத்தா சின்னதுல என்ன வேல பாத்துச்சு தெரியுமா? டயருக்குக் காத்த அம்புட்டும் ஏத்தி வெடிக்க வெச்சிருச்சு. பூட்டி கை போனது அப்பிடித்தேன்." பேரன் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன். எண்பத்து மூன்று வயது. காது நன்றாகக் கேட்கும். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கரண்டியை இடக்கையில் பிடித்தபடி அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாப்புடு," என்றாள். "ஆறிப் போகுது."