பெடலை அமுக்கியது யார்?

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் பட்டறை வாசலில், பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனுஷரை 'வாயை ஊது' என்றார்கள்.

ஊதினார்.

அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. போன வாரம் இதே பக்கத்தில் பேத்தமங்களா ஏரி மீன் பற்றி எழுதியிருந்தேனே... அதெல்லாம் சும்மா. கை எழுதியது, மனசு பூரா இதுதான். விசாரணை நடக்கும்போது வெளியே பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது முடிந்துவிட்டது. இனிமேல் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன் — பிழைப்புக்கு நான் எலக்ட்ரீஷியன். இங்கே தங்கச் சுரங்கத்தில், எங்கள் ஊர்ப் பேச்சில் மைன்ஸில், பதினெட்டு வருஷம் இருந்தேன். அதற்கப்புறம் இங்கேயே ஒரு தனியார் பட்டறையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், எழுதினால் எனக்கும் ஒரு மெமோ வரும். பேட்டரியில் ஓடும் வண்டி செய்கிறோம். ரயில்வே பிளாட்பாரத்திலும் பெரிய கம்பெனிகளுக்குள்ளும் புகையில்லாமல் சாமான் ஏற்றிக்கொண்டு போகுமே, அந்த வண்டி.

ஊதச் சொன்னது யாரை? செல்வராஜை. எங்கள் ட்ரையல் டிரைவர். புது வண்டி தயாரானால் முதலில் ஏறி ஓட்டிப் பார்ப்பது அவர்தான். பக்கத்திலேயே பாலகாட்டில் வீடு, என் வயசுதான். இந்த ஊர் மைசூர் மைன்ஸில் வைண்டர் ஓட்டியவர். அதாவது, மேலே இருந்துகொண்டு, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிய ஆட்களைச் சுரங்க ஷாஃப்ட் குழியில் இறக்கி, திரும்ப மேலே கொண்டுவருகிற என்ஜின். ஓட்டுகிறவர் கண்ணுக்குக் கேஜ் தெரியாது. மணி அடிக்கும், அதைக் கேட்டு எந்த லெவலோ அங்கே நிறுத்த வேண்டும். அவர் கையை நம்பி நானே எத்தனையோ தடவை இறங்கி ஏறியிருக்கிறேன். ஒரு நாளும் குலுங்கியதில்லை.

குடிப்பாரா என்றால்... குடித்தவர்தான். அவரே ஒளிக்க மாட்டார். ஷிஃப்டில் இருக்கும்போது ஒரு சொட்டு தொட்டதில்லை. ஷிஃப்ட் முடிந்து நேராக வீட்டுக்குப் போனதும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஈஸ்டர் ஞாயிறு, சர்ச்சில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, 'விட்டுட்டேன்' என்று ஒரே வார்த்தை சொன்னார். விட்டுவிட்டார். அவர் மனைவி எஸ்தர் டீச்சர் சிரித்து நான் பார்த்ததே அதற்கப்புறம்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். அன்றைக்கு வண்டி வாங்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். புது மாடல். வண்டி நிறைய இரும்புச் சாமான் ஏற்றி, அந்த இரண்டு பேரையும் பின்னால் உட்காரவைத்து, லோடிங் சரிவில் ஏற்றிக் காட்டச் சொன்னார் எங்கள் மேனேஜர். பெங்களூர்க்காரர். செல்வராஜ் மெதுவாகத்தான் ஏற்றினார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாதிச் சரிவில் வண்டி திடீரென்று பாய்ந்தது. மேலே அடுக்கியிருந்த டயர்களில் போய் முட்டியது. வந்தவர்களில் ஒருவர் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். விழுந்தவரைத் தூக்கக்கூட இல்லை. நேராகச் செல்வராஜிடம் போய், "குடிதித்தீயா?" என்றார். அவசரத்தில் அவருக்குக் கன்னடம்தான் வரும். குடிச்சிருக்கியா என்று அர்த்தம்.

"இல்ல சார். நான் காலை எடுத்துட்டேன். அதுவா இஸ்துக்கினு போச்சி."

"வண்டி அதுவா போகுமா? வாயை ஊது."

ஊதினார். பெப்பர்மிண்ட் வாசனை வந்தது. குடியை விட்டதிலிருந்து அவர் வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட் கிடக்கும், ஊருக்கே தெரியும். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "பாருங்க, மறைக்கத்தான் மிட்டாய் போட்டிருக்கான்."

கேட்டீர்களா நியாயத்தை? நாற்றம் வந்தால் குடித்தவன். வராவிட்டால் மறைத்தவன். இதில் ஒரு மனுஷன் எந்தப் பக்கம் தப்பிப்பான்?

இதில் நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர் ஊதியபோது நானும் ஒரு அடி முன்னால் போய் மூக்கை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார்.

மறுநாள் சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. 'பணி நேரத்தில் மது அருந்தி வாகனம் ஓட்டியது.' சாயந்திரம் பாலகாட்டுக்குப் போனேன். செல்வராஜ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வேலை போனா போவுதுபா. வீட்ல ஒண்ணு கேட்டுட்டா."

"இன்னா கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. சட்டையை ஆணியில மாட்டிட்டுத் திரும்பறேன்... எடுத்து மோந்து பாக்கறா."

அவ்வளவுதான் சொன்னார். மூன்று வருஷம் கட்டிக்காத்ததை ஒரு நிமிஷத்தில் உடைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில், அவருக்காக நான் விசாரணையில் உட்காருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். கூட வேலை செய்கிற ஒருவர் துணைக்கு உட்காரலாம் என்று விதி இருக்கிறது.

விசாரணையில் மேனேஜர் தரப்பு ரொம்ப எளிமை. வேறொரு டிரைவரை வைத்து அதே வண்டியை ஓட்டிப் பார்த்தார்களாம், நன்றாக ஓடியதாம். "எப்படி ஓட்டினீங்க?" என்று கேட்டேன். காலி வண்டி, சமதரை. ஏங்க, லோடு ஏற்றிச் சரிவில் பாய்ந்த வண்டியைக் காலியாகத் தரையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவீர்களா? முதுகு வலி என்று போனால் நாக்கை நீட்டச் சொல்லி அனுப்பிவிடுகிற டாக்டர் மாதிரி இருக்கிறது.

இரண்டு நாள் டைம் கேட்டு வாங்கினேன். அதே எடையை ஏற்றினேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த டிரான்சிஸ்டர் ரேடியோவை ஆன் பண்ணி சீட்டில் வைத்தேன். ஒரு கையை மெயின் ஸ்விட்சில் வைத்துக்கொண்டு நானே சரிவில் ஏற்றினேன்.

ஏன் ரேடியோ? சொல்கிறேன். இந்த வண்டியில் பேட்டரி கரண்ட் மோட்டாருக்கு நேராகப் போகாது. நடுவில் ஒரு பெட்டி. அது கரண்டை ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பும். அதிகம் வெட்டினால் வேகம் குறையும், குறைத்து வெட்டினால் வேகம் கூடும். பெடலை எவ்வளவு அமுக்கியிருக்கிறோம் என்று ஒரு மெல்லிய ஒயர் அந்தப் பெட்டிக்குச் சொல்லும். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு அதிர்வு கிளம்பி, பக்கத்தில் இருக்கிற ஒயரில் எல்லாம் ஏறும். கண்ணுக்குத் தெரியாது, ரேடியோவுக்குத் தெரியும்.

சரிவில் ஏற ஏற ரேடியோவில் நியூஸ் போய் 'கர்ர்ர்' என்று இரைச்சல். பாதிச் சரிவில் அது வீல் என்று கத்தியது, வண்டி பாய்ந்தது. நான் பெடலை லேசாகத்தான் தொட்டிருந்தேன். காலை எடுத்தேன் — அப்பவும் போகிறது. மெயின் ஸ்விட்சைத் தட்டினேன், நின்றது. செல்வராஜ் சொன்னது அட்சரம் பிசகாமல் அப்படியே நடந்தது. நான் குடித்திருந்தது இரண்டு டீ.

அதாவது, பெட்டி தானே ஒரு இரைச்சல் போடுகிறது. அந்த இரைச்சல் பெடல் ஒயரில் ஏறுகிறது. பெட்டி அதை, டிரைவர் இன்னும் அமுக்குகிறார் என்று எடுத்துக்கொண்டு கரண்டைக் கூட்டுகிறது. கரண்ட் கூடினால் இரைச்சலும் கூடும்... அப்புறம் கேட்க வேண்டுமா?

ஆனால் இந்த இரைச்சல் ஏறக் கூடாது என்றுதானே பெடல் ஒயரைச் சுற்றி ஒரு கம்பி வலை போட்டிருக்கிறது? அது ஏன் தடுக்கவில்லை? வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். வலையின் இரண்டு முனையையும் வண்டிச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டிருந்தது. நல்ல இறுக்கம், நல்ல வேலை. யார் வேலை என்று கேட்க வேண்டியதில்லை. என்னுடையது.

மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து எங்களுக்கு ஓதினது ஒன்றே ஒன்று: கேபிள் என்றால் இரண்டு பக்கமும் எர்த். ஒரு பக்கம் விட்டுப்போனால், ஈரத்தில் நிற்கிற ஆள் செத்தான். இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு முனையையும் கையால் ஆட்டிப் பார்ப்பார். எங்களுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். இந்த வண்டிக்கு வந்த டிராயிங்கில், பெடல் ஒயரின் வலையை ஒரு பக்கம் மட்டும் சட்டத்தோடு சேர்த்து எர்த் காட்டியிருந்தது. 'இதை வரைஞ்சவன் இன்னா தூங்கிட்டானா?' என்று சிரித்தேன். பக்கத்தில் இருந்த பழைய மைன்ஸ் ஆட்களும் சிரித்தார்கள். இன்னொரு பக்கமும் நானே மாட்டினேன். யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஷாக் அடிக்காமல் இருக்க இரண்டு பக்கம் சரி. இங்கே ஷாக் பிரச்சினையே இல்லை. வண்டிச் சட்டத்தில் ஓடுகிற அதிர்வுக்கு, இரண்டு முனையும் சேர்ந்திருந்ததால் வலை வழியாகவே ஒரு சுற்று சுற்றி வர வழி கிடைத்தது. தடுக்கப் போட்ட வலையே இரைச்சலை ஒயருக்குள் கூட்டிக்கொண்டு வந்தது. நான் மாட்டிய பக்கத்து போல்டைக் கழற்றினேன். வண்டி பதமாகச் சரிவு ஏறியது. மாட்டினேன், பாய்ந்தது. கழற்றினேன், அடங்கியது. மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பார்த்தது சந்தேகத்தில் இல்லை, வேறு ஏதாவது காரணமாக இருந்துவிடாதா என்ற ஆசையில்.

மறுநாள் அந்த போல்டைத் திரும்ப மாட்டி, மேனேஜரையும் சரிவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். "ரேடியோவா சாட்சி?" என்று முதலில் சிரித்தார். வண்டி பாய்ந்ததும் சிரிப்பு நின்றது. டிராயிங்கை மீறி மாட்டியது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இத்தோடு முடிந்தது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள்.

முந்தாநாள் இரண்டு கடிதம் வந்தது.

ஒன்று எனக்கு. 'கோளாறைத் தன் சொந்த முயற்சியில் கண்டறிந்தமைக்காக நிர்வாகம் பாராட்டுகிறது.' தப்பு செய்தவனுக்குப் பாராட்டு. இன்னொன்று செல்வராஜுக்கு. 'குற்றச்சாட்டு ஐயத்திற்கிடமின்றி நிரூபிக்கப்படாததால், சந்தேகத்தின் பலனை அளித்து மீண்டும் பணியில் சேர அனுமதிக்கப்படுகிறார்.'

சந்தேகத்தின் பலனா? யாருக்கு என்ன சந்தேகம் மிச்சமிருக்கிறது?

செல்வராஜ் வேலையில் சேரக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கேட்டிலேயே நின்றுவிட்டார். நான் போய், "வேலை வந்துடுச்சில்ல, வாங்க" என்றேன்.

"வேலை வந்துச்சிபா. இந்தக் கடுதாசியை நான் வீட்டுக்கு எடுத்துக்கினு போனா எஸ்தர் இன்னா படிப்பா? சந்தேகம்னுதானே படிப்பா? 'அன்னிக்குக் குடிக்கல'ன்னு ஒரு வரி எழுதித்தரச் சொல்லு. அவ்ளோதான். மத்தது எதுவும் எனக்கு வாணாம்."

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அப்படியெல்லாம் எழுதித் தர முடியாது. லீகலா சிக்கல் வரும். அதான் சேர்த்துக்கிட்டோமே, அப்புறம் என்ன?" என்றார். எடுத்த எடுப்பில் பத்துப் பேர் முன்னால் குடிகாரன் என்று சொல்ல லீகல் தேவைப்படவில்லை. இல்லை என்று சொல்லத்தான் லீகல் குறுக்கே வருகிறது. என் பாராட்டுக் கடிதத்தை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதை நான் எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் செல்வராஜ் வேலையில் சேரவில்லை. அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கிறார். பட்டறை தராது. ஆனால் எனக்கு வாராவாரம் ஒரு பக்கம் இருக்கிறது. எஸ்தர் டீச்சர் இதைத் தவறாமல் படிப்பார் என்றும் தெரியும், என் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்புகிறவர் அவர்தான்.

டீச்சர், செல்வராஜ் அன்றைக்குக் குடிக்கவில்லை. அந்த வண்டியைக் கெடுத்தவன் நான்.