வழி மறித்தவருக்குக் கஞ்சி

மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டில் முதன்முதலாகக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிய சில குடும்பங்களில் அர்த்தனாரியின் குடும்பமும் ஒன்று. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம் அது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைக்கு ரோடு வந்திருக்கவில்லை. அர்த்தனாரியும் மனைவி அத்தாயியும் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியதுமே ஊர்க்கவுண்டர் செங்கோடன் அவர்களை ஊரைவிட்டுத் தள்ளிவைத்தார். அர்த்தனாரிக்கு அவர் பங்காளி வகையில் அண்ணன். அடுப்புக்கு நெருப்புகூட யாரும் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அத்தாயி அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

அவர்களுக்கு ஒரே மகன், சின்னக்கண்ணு. மீசை அரும்பத் தொடங்கிய வயது. சாமை விளைந்திருந்த காட்டில் காவல் இருந்தவனை ஒரு விடியற்காலையில் காட்டுப்பன்றி தொடையில் குத்திக் கிழித்துவிட்டது. துணியை எவ்வளவு இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அர்த்தனாரியும் சபையைச் சேர்ந்த இன்னொருவரும் அவனைத் தூக்கிக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அத்தாயியும் கூடவே ஓடினாள். செங்கோடனின் காட்டைக் கடந்தால் ஆஸ்பத்திரி பக்கந்தான். செங்கோடன் ஆட்களோடு வந்து வழியில் நின்றார்.

"ஊரை உட்டுப் போனவனுக்கு என் காட்டுல வழி கெடையாது. சுத்திக்கிட்டுப் போ."

"அண்ணா, பையன் சாகக் கெடக்கறானுங்க. இந்த ஒருக்கா மட்டும்..."

அவர் நகரவில்லை. தூளி ஓடைப் பள்ளத்துச் சுற்றுவழியில் திரும்பியது. அத்தாயி மட்டும் செங்கோடனின் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தாள். அவர் மனமிரங்கிவிட்டால் தூக்கிப்போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தாள். அவர் காலை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகனின் முகத்தை மூடியிருந்தார்கள். "கொஞ்சம் முன்னால கொண்டாந்திருக்கலாமுங்க" என்றார் கம்பவுண்டர்.

அடக்கத்தின்போது அவள் அழவில்லை. வீடு திரும்பியதும் கொடுவாளை எடுத்தாள். அர்த்தனாரி கையைப் பிடித்தான்.

"வேண்டாம் அத்தாயி. இனி நாம அப்படிச் செய்யறவங்க இல்ல."

"நீங்க வேணா இருங்க. அவன் என் வயித்துல இருந்தவனுங்க."

கொடுவாளை அவன் பிடுங்கி ஒளித்துவைத்தான். ஆனால் வருடங்கள் போயும் அவள் கோபம் தணியவில்லை. கோயிலில் எல்லோரோடும் ஜெபம் சொல்வாள். பிறர் குற்றத்தை மன்னிப்பது பற்றிய வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். போதகர் ஒருமுறை காரணம் கேட்டார். "சாமிகிட்டப் பொய் சொல்லக் கூடாதில்லீங்க" என்றாள்.

பிறகு செங்கோடனுக்குப் பெரியம்மை கண்டது. மனைவி முன்பே இறந்துவிட்டாள். மகன்கள் அவரைக் காட்டுக் குடிசையில் விட்டுவிட்டு, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குண்டூர் நாட்டுச் சொந்தக்காரர்களிடம் போய்விட்டார்கள். அத்தாயிக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் பயமில்லை. அவர் படும் பாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றே போனாள்.

வைக்கோலில் கிடந்தார். இமைகள் வீங்கிக் கண் மூடியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டு, "யாரு கண்ணு? கொஞ்சம் தண்ணி..." என்றார். அவள் பேசாமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

வீட்டில் அவளுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

"பாத்தா மனசு ஆறும்னு போனனுங்க" என்றாள் கணவனிடம். "ஆறல. தண்ணி கேட்டாரு, குடுக்காம வந்துட்டேன். நானும் வழிய மறிச்சுட்டனுங்க."

அர்த்தனாரி சோற்றுச் சட்டியை மூடிவைத்தான்.

"சிலுவையில தொங்கறப்ப ஏசுசாமியும் தாகமா இருக்குதுன்னாராமே. அடிச்சவங்களுக்காக வேண்டிக்கிட்டாராமே. எனக்கு அவ்வளவு மனசு இல்லீங்க. கஞ்சி மட்டும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்."

கஞ்சிக் கலயத்தோடு மறுபடி போனாள். யாரென்று கேட்டார்.

"சின்னக்கண்ணோட ஆத்தா."

செங்கோடன் வாயை இறுக மூடிக்கொண்டார். விஷம் வைத்திருப்பாள் என்று பயப்படுகிறார் என அவளுக்குப் புரிந்தது. அவர் காதில் விழும்படி அவளே ஒரு மடக்குக் குடித்தாள். அதன்பிறகுதான் வாயைத் திறந்தார்.

தினமும் போனாள். சீழ் துடைத்தாள், வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்தாள். சில நாட்கள் வெறுப்பு பொங்கி வரும். வெளியே நின்று ஜெபித்துவிட்டு உள்ளே போவாள். அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும் கேட்டார்: "அன்னைக்கு வழி உட்டிருந்தா பொழச்சிருப்பானா?"

"தெரியலீங்க. பொழச்சிருப்பான்னுதான் இத்தன வருசமும் நெனச்சுக்கிட்டிருந்தேன்." சற்றுப் பொறுத்து, "உங்கள மன்னிச்சுட்டனுங்க" என்றாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. மறுநாள் போனபோது இறந்திருந்தார்.

உடலைத் தொட ஆளில்லை. அர்த்தனாரியும் அத்தாயியும் அவர் காட்டிலேயே குழி வெட்டினார்கள். சொல்லியனுப்பியதும் வந்த மகன்கள் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஓடையில் குளித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தபோது அத்தாயி கணவனிடம் கேட்டாள்: "தூளியில போறப்ப பையன் ஏதாச்சும் பேசினானுங்களா?"

இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. மகனை நினைக்கும்போதெல்லாம் வழியில் நின்ற செங்கோடன்தான் அவள் கண்முன் வந்து நிற்பார்.

"ஆத்தா வாராளான்னு கேட்டான்" என்றான் அர்த்தனாரி. "பின்னாலயே வாராள்னு சொன்னேன்."

அத்தாயி ஈரச் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகன் செத்த பிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் நெடுநாள், களை எடுக்கும்போதும் ராகி அரைக்கும்போதும் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அர்த்தனாரி அவளை அழவிட்டான்.